இளநீர் ஊற்றிய கண்

"பத்து நிமிஷம்தான், எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரலாம்" என்று எவனாவது உங்களிடம் சொன்னால், அவன் சட்டையைப் பிடித்து, பதினோராவது நிமிஷத்திலிருந்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். கண்ணில் லேசர் அடிப்பது பத்து நிமிஷ வேலைதான், அது பொய் இல்லை. தாலி கட்டுவதும் ஒரு நிமிஷ வேலைதான். அதற்குப் பிறகு வருவதை எவனும் சொல்லமாட்டான். அதனால் நான் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். இரண்டு தரப்புக்கும் வருத்தம் இல்லை. தென்னை மரம் ஏறுவது என் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் இருக்கிற தோப்புகளில் நானும் என் அக்கா புருஷனும் ஜோடியாகக் காய்வெட்டுக்குப் போவோம். அவர் பெயர் தாவீது. கை வேலையில் கெட்டிக்காரர், வாய் வேலையில் அதைவிடக் கெட்டிக்காரர். அவரை அத்தான் என்று கூப்பிட வேண்டியது என் தலையெழுத்து.

எனக்குக் கண்ணில் மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது ஆளா, ஆட்டோவா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்லமுடியும். கண்ணாடியின் இரண்டு காதையும் ரப்பர் கயிற்றால் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு ஏறுவேன். பாதி மரத்துக்குமேல் வேர்வை வழியும், கண்ணாடி மூக்கில் சறுக்கும். ஒரு கையில் அரிவாள், ஒரு கை மட்டையில். தூக்கிவிடுவதற்கு மூன்றாவது கை இல்லை. தோளால் இடித்து இடித்து ஏற்றுவேன்.

கீழேயிருந்து அத்தான் குரல் வரும். "ஏலே செல்வினு, மேல இருக்கது தேங்காயா கொரங்கா, ஏதாவது தெரியுதா?"

"கொரங்கு கீழ நிக்குது அத்தான். நல்லாத் தெரியுது."

ஒருநாள் கயிறு அறுந்து, கண்ணாடி மரத்து உச்சியிலிருந்து அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது. இறங்கியிருக்கலாம். இறங்கினால் அன்று முழுக்க அவர் வாயில் விழவேண்டும். அதனால் தடவிப் பார்த்தே வெட்டினேன். முத்திய குலைக்குப் பதிலாக அடுத்த வெட்டுக்கு விடவேண்டிய இளங்குலைகளை இறக்கிவிட்டேன். தோப்புக்காரர் அத்தானை நிற்கவைத்துத் திட்டினார். அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். தோப்பை விட்டு வெளியே வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"இனிமே நீ கீழ பெறக்கு. மேல நான் பாத்துக்கிடுதேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"கண்ணு தெரியுத வரைக்கும். சுந்தரபாண்டியத்துல ஒருத்தன் வாரேன்னு சொல்லியிருக்கான். கண்ணாடி போடாத பய."

மரம் ஏறுகிறவனைக் கீழே காய் பொறுக்கவிடுவது, பஸ் டிரைவரை டிக்கெட் கிழிக்கச் சொல்வது மாதிரி. வீட்டில் மூன்று நாள் சண்டை. கடைசியில் அக்கா எஸ்தர் நடுவில் நின்று தீர்ப்பு சொன்னாள். நான் கண்ணை ஆபரேஷன் செய்துகொள்ளவேண்டும். அத்தான் இரண்டு வெட்டு வரைக்கும் காத்திருக்கவேண்டும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் ஒன்றரை மாதம். இரண்டாவது வெட்டில் என்னால் ஏறமுடிந்தால் மரம் எனக்கு. இல்லையென்றால் அந்தக் கண்ணாடி போடாத பயலுக்கு.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஏசி, வெளியே செருப்புக் குவியல். முதல் நாள் முழுக்கச் சோதனைதான். தாடையை ஒரு தட்டில் வை, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டு, மூடாதே, மூடாதே, இப்போது மூடு. ஒரு மிஷின் கண்ணுக்குள் புஸ்ஸென்று காற்று ஊதியது. கண்ணுக்குள் இருக்கிற அழுத்தத்தைப் பார்க்கிறதாம். இன்னொன்று கருவிழியின் மேடு பள்ளத்தைச் சிவப்பும் பச்சையுமாகப் படம் எடுத்தது. இன்னொன்று அது எவ்வளவு தடிப்பு என்று அளந்தது. கருவிழி மெலிசாக இருந்தால் லேசரைத் தாங்காதாம். லேசர் என்பது வேறொன்றும் இல்லை, கருவிழியை இழைத்து அதன் வளைவை மாற்றுகிற ஒளி. தச்சன் இழைப்புளி வைத்துப் பலகையை இழைக்கிற மாதிரி.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் படிக்கிற ஒரு பையன். தலைமுடியை நெற்றியில் குருவிக்கூடு மாதிரி வைத்திருந்தான்.

"அண்ணே, நீங்க என்ன பவர்?"

"ஆறு. நீ?"

"ரெண்டரை."

"ரெண்டரைக்கு எதுக்குலே வந்த?"

"போட்டோல கண்ணாடி பளபளன்னு அடிக்குதுண்ணே."

அவனை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா என் வேலையைக் கேட்டார். மரம் ஏறுகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு விதம் இருக்கு தம்பி. ஒண்ணு, கருவிழி மேல மெல்லிசா ஒரு ஏடு வெட்டி, மூடி மாதிரி மடக்கி வச்சுட்டு, உள்ள லேசர் அடிச்சு, திரும்ப மூடிருவோம். மறுநாளே தெளிவாத் தெரியும். ஆனா அந்த மூடி பழையபடி கெட்டியா ஒட்டாது. உங்க வேலையில ஓலை மூஞ்சில அடிக்கும். மூடி நகந்துச்சுன்னா கஷ்டம்."

"பானை மூடி மாதிரி" என்றார் அத்தான்.

"ஆமா. இன்னொண்ணுல மூடியே கிடையாது. மேல் தோலை மட்டும் எடுத்துட்டு நேரா லேசர். தோலு தானா வளந்து மூடிக்கும். என்ன, வலிக்கும். தெளியுறதுக்கு வாரக்கணக்குல ஆகும். சொட்டு மருந்து மாசக்கணக்குல விடணும்."

"வலிக்கதையே போட்டுருங்க" என்றார் அத்தான், என் கண்ணை என்னிடம் கேட்காமல்.

குருவிக்கூட்டுக்காரனுக்கு மூடி வைத்த ஆபரேஷன், எனக்குச் சுரண்டல். இரண்டு பேருக்கும் ஒரே நாள். மரத்துப்போக மருந்து விட்டு, இமைகளை ஒரு கம்பியால் விரித்துப் பூட்டினார்கள். ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. மேலே ஒரு வெளிச்சப் புள்ளி. அதையே பார்க்கச் சொன்னார்கள். ஏதோ ஒரு துடைப்பம் மாதிரி கண்மேல் சுற்றியது. பிறகு பட்டாணி பொரிகிற மாதிரி டிக் டிக்கென்று சத்தம், முடி கருகுகிற வாசனை. கருகுவது நான்தான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி, கருவிழிமேல் பவர் இல்லாத ஒரு மெல்லிய லென்ஸை ஒட்டிவைத்தார்கள். தோல் வளர்கிற வரைக்கும் அது இருக்கவேண்டும்.

வெளியே வந்தபோது சுவரிலிருந்த கடிகாரத்தில் முள் தெரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் தெரிந்தது. பத்து நிமிஷம், உண்மைதான். பதினோராவது நிமிஷம் மரமரப்பு இறங்கியது.

வெங்காயத்தையும் மணலையும் சேர்த்து அரைத்துக் கண்ணுக்குள் அடைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸில் போகமுடியாது என்று ஆட்டோ பிடித்தார்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அந்த ரோட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் போட்டவனை ஆளுக்கொரு வார்த்தை திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் அக்கா சேலை கட்டியிருந்தாள். அந்த இருட்டுக்குள் சாமான் மூட்டை மாதிரி கிடந்தேன்.

மூன்று பாட்டில் மருந்து. ஒன்று கிருமி வராமல் இருக்க. ஒன்று ஸ்டீராய்டு, அதாவது கண் வீங்கி, தழும்பு கட்டாமல் அமுக்கிவைக்கிற மருந்து. மூன்றாவது வெறும் கண்ணீர், பாட்டிலில் அடைத்தது. அழத் தெரியாதவனுக்குக் கடையில் கண்ணீர் விற்கிறார்கள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அக்காவுக்கு நூல் மில்லில் காலை ஷிப்ட். அதனால் பகலெல்லாம் மருந்து விடுகிற வேலை அத்தான் தலையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை விரும்பவில்லை.

"கண்ணத் தொறலே."

"தொறந்துதான் இருக்கேன்."

"இதுக்குப் பேரு தொறக்கதா? உண்டியல் ஓட்டை இதவிடப் பெருசா இருக்கும்."

முதல் சொட்டு நெற்றியில். இரண்டாவது காதில். மூன்றாவது வாயில் விழுந்து கசந்தது. அக்கா வந்து, சர்ச்சில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். கீழ் இமையை இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒன்று விழும். அதற்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது, பட்டால் கண்ணில் உள்ளது பாட்டிலுக்குப் போய்விடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூக்கை ஒட்டிய முனையை விரலால் அமுக்கினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. ஒரு மருந்து விட்டதும் உடனே அடுத்ததை விட்டால், முதல் மருந்தை அது கழுவிக்கொண்டு போய்விடும். செத்த நேரம் பொறுத்துத்தான் விடவேண்டும்.

"இம்புட்டு இருக்கா இதுல" என்றார் அத்தான். "ஒரு தோப்பையே வெட்டி முடிச்சிரலாம் போலுக்கே."

மற்ற விதிகளை டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணைக் கசக்கக்கூடாது. தூங்கும்போது கையறியாமல் கசக்கிவிடாதபடி பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொள்ளவேண்டும். குளியல் கழுத்துக்குக் கீழேதான். தலைக்கு ஊற்றுவதாக இருந்தால் மல்லாந்து, வேறொருவர் ஊற்ற. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் கண்ணில் படக்கூடாது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி. தூசி, புகை கிட்டே போகக்கூடாது. கறுப்புக் கண்ணாடியும் பிளாஸ்டிக் மூடியுமாக நான் கிடந்த கோலத்தைப் பார்த்து எங்கள் தெரு நாய் மூன்று நாள் குரைத்தது.

வலியைவிடப் பெரிய வியாதி, பார்க்க வருகிறவர்கள். சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஒரு சித்தி கண்மேல் கைவைத்து ஜெபிக்க வந்தாள்.

"சித்தி, தலையில வைங்க. கர்த்தருக்குத் தலையிலிருந்து கண்ணுக்கு வழி தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். அவர் சம்சாரம் நந்தியாவட்டைப் பூவைக் கட்டச் சொன்னாள். ஒருத்தர் எந்தக் காலத்திலோ லேசர் போட்டுக் கண் போன ஒருவரின் கதையைச் சொல்லிவிட்டு, என் ஆப்பிளை எடுத்துத் தின்றார்.

லென்ஸ் எடுக்கிற நாளில் குருவிக்கூட்டுக்காரன் ஆஸ்பத்திரியில் ஜோராக நின்று எல்லாரையும் படமெடுத்துக்கொண்டிருந்தான். "மறுநாளே எல்லாம் தெரிஞ்சிருச்சுண்ணே. உங்களுக்கு?" என்றான். உன் மூஞ்சி மங்கலாகத் தெரிகிறது, ஆண்டவருக்கு நன்றி என்றேன்.

பார்வை தவணையில்தான் வந்தது. ஒருநாள் தெளியும், மறுநாள் மங்கும். ஆனாலும் வாரம் போகப்போக, ஜன்னல் சேலையை விலக்கினால் மேற்கே மலை தெரிந்தது. மலை என்றால் மொத்தமாக ஒரு நீலம் இல்லை. பாறை, இடுக்கு, அருவி விழுகிற வெள்ளைக் கோடு. பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழேதான் இருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அதைப் பார்த்தது அப்போதுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தான் அதையும் கிண்டல் பண்ணுவார்.

முதல் வெட்டு வந்தது. அத்தான் தனியாகக் கிளம்பினார்.

"நானும் வாரேன். சும்மா உக்காந்திருக்கேன்" என்றேன்.

"தூசி ஆவாதுன்னு எழுதியிருக்குல்லா. வீட்ல கெட."

"ஓரமா இருக்கேன்."

"வந்தன்னா கால ஒடிப்பேன்."

போனேன். அக்காவின் பழைய சைக்கிளில், கறுப்புக் கண்ணாடியோடு. அத்தான் உச்சியில் இருந்தார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். குலைகள் தெரிந்தன. எது முத்தியது, எது இளசு, எதில் அணில் கொறித்திருக்கிறது என்று எல்லாம் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியில் நிறம் சரியாகப் பிடிபடவில்லை. நெற்றிக்கு ஏற்றினேன்.

"அத்தான், கெழக்கால இருக்க குலை முத்திருச்சு. அத விட்டுட்டு என்னத்த வெட்டுதீக?"

"யாருலே அது? ஒன்ன வராதன்னு சொன்னேன்லா" என்று அவர் திரும்பின வேகத்தில், மட்டையடியில் வலை மாதிரி ஒட்டியிருக்கிற பன்னாடை கிழிந்து, அதில் சேர்ந்திருந்த தூசியெல்லாம் நேராக என் முகத்தில் கொட்டியது.

இடது கண்ணில் முள் குத்தின மாதிரி இருந்தது. நான் கத்தின சத்தத்தில் அவர் மரத்திலிருந்து இறங்கவில்லை, வழுக்கி வந்தார். இனி நடந்ததை மரம் ஏறுகிறவர்களால்தான் புரிந்துகொள்ளமுடியும். உச்சியில் இருக்கும்போது கண்ணில் தூசி விழுந்தால் அங்கே குழாய் கிடையாது. இளநீர்தான் இருக்கும். ஒரு காயைச் சீவி, முகத்தை அண்ணாந்து, கண்ணில் ஊற்றிக்கொண்டு அடுத்த குலைக்குப் போவோம். எங்களில் எல்லாரும் அப்படித்தான். அத்தான் யோசிக்கவில்லை. இரண்டே வெட்டில் ஒரு இளநீரைச் சீவினார். நானும் யோசிக்கவில்லை. பழக்கத்தில் நானே முகத்தை அண்ணாந்து, இமையை விரித்துக் காட்டினேன். குளுகுளுவென்று ஊற்றினார்.

கன்னத்தில் வழிந்து வாய்க்குள் வந்து இனித்தபிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

அத்தான் கையிலிருந்த காயைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எளநிதானலே" என்றார். "மனுஷன் கை படாத தண்ணி."

"எதுவும் படக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு."

"ஒங்க அக்காகிட்ட சொல்லாத."

"நீங்களும் சொல்லாதீக."

சாயங்காலம் கண் உறுத்தியது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அக்கா சேலையை விலக்கினபோது வெளிச்சம் ஊசியாக இறங்கியது. கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அக்கா கிட்டே வந்து பார்த்தாள். "கறுப்பு முழியில வெள்ளையா என்னமோ புள்ளி இருக்கு" என்றாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மில்லுக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மிஷினில் பார்த்தார். "என்ன விழுந்துச்சு?" என்றார்.

"பன்னாடைத் தூசி."

"அப்புறம் என்ன ஊத்துனீங்க?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "எளநிம்மா. நான்தான் ஊத்துனேன்."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார். கருவிழியில் புண் விழுந்திருக்கிறது. ஸ்டீராய்டு விடுகிற கண்ணில் எதிர்ப்புச் சக்தி குறைவு. அந்த நேரத்தில் தூசி கீறின இடத்தில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது, கிருமிக்கு இலைபோட்டுப் பந்தி வைக்கிற மாதிரி. ஓலை, கதிர், மட்டை பட்ட கண்ணில் பூஞ்சையும் வரும். பூஞ்சையாக இருந்தால் லேசில் ஆறாது. பார்வை போகலாம். "என்ன கிருமின்னு தெரியிற வரைக்கும் ஸ்டீராய்ட நிறுத்தணும். மணிக்கு மணி மருந்து விடணும். அட்மிட் ஆயிருங்க."

மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணைச் சின்னக் கத்தியால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் பார்வையில் தெளிவாக எதுவும் தெரியவில்லையாம். மிச்சத்தை ஒரு தட்டில் வளரவிட்டுப் பார்க்கவேண்டும், அதற்குச் சில நாள் ஆகும்.

வார்டில் ஆம்பளைப் பக்கம் என்பதால் துணைக்கு அத்தான்தான் இருக்கவேண்டும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். செத்த நேரம் கழித்து, "டீ வாங்கியாரவா?" என்றார்.

"என் கண்ண அவிச்சாச்சு. இனி டீ எதுக்கு? அந்தச் சுந்தரபாண்டியத்துப் பயலுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, மரம் அவனுக்குத்தான்னு. அதுக்குத்தான ஊத்துனீக."

வாய் வேலைக்காரர் வாயை மூடினதை அன்றுதான் பார்த்தேன். அன்று முழுக்க நான் அவரை அத்தான் என்று கூப்பிடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு விவசாயி. மக்காச்சோளத் தோகை கீறிப் புண் ஆனவர். அவரும் என்னைப் போலவே ஒற்றைக் கண்ணில் மூடியோடு இருந்தார். எங்கள் சண்டையை ரசித்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏய்யா, நீ எளநி ஊத்துனியா?"

"ஆமா."

"நான் தாய்ப்பால் ஊத்துனேன். பேத்தி பொறந்திருக்கா, வீட்லயே இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இந்தக் கண்ணு அம்புட்டுதான்னு சொல்லிட்டாக" என்றார், காய்கறி விலை சொல்கிற குரலில்.

சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு மரம் ஏறமுடியுமா என்று நினைத்துப் பார்த்தேன். கைக்கும் மட்டைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஒற்றைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒருதரம் தப்பினால் போதும். ஆயுசு முழுக்கக் கீழே காய் பொறுக்கவேண்டியதுதான்.

மணிக்கு மணி அத்தானின் போனில் அலாரம் அடிக்கும். உடனே குழாய்ச் சத்தம் கேட்கும். சோப்பைத் தேய்க்கிற சத்தம், மறுபடி குழாய். அதற்குப் பிறகு மருந்து. நர்ஸ் ஒருதரம், "நீங்க தூங்குங்க, நாங்க விடுறோம்" என்றாள். "இல்லம்மா, இவன் கண்ணத் தொறக்க மாட்டான், எனக்குத்தான் பழக்கம்" என்றார். இப்போது ஒரு சொட்டுகூட நெற்றியில் விழுவதில்லை. மரமும் கயிறும் தேய்த்துக் காய்த்துப்போன கை அது. ஓயாமல் சோப்பில் ஊறி வெடித்து, விரலிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது. இமையைப் பிடிக்கும்போது எனக்குத் தெரியாமல் இருக்க விரலை மடக்கிக்கொள்வார். நல்ல கண்ணால் பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் கண்ணைப் பெரிதாகத் திறந்து காட்டினேன்.

தோப்புக்காரர் போன்மேல் போன் போட்டார். பாதி வெட்டு நின்றுபோயிருந்தது. அத்தான் வராண்டாவில் நின்று பேசியது கேட்டது. "ஆமாய்யா... அவனையே ஏறச் சொல்லுங்க. சுந்தரபாண்டியத்துப் பயதான்... இல்லய்யா, நான் இப்ப வரமுடியாது."

அக்கா தினமும் சாயங்காலம் சாப்பாடு கொண்டுவருவாள். இரண்டு பேரிடமும் பேசமாட்டாள். ஆனால் இரண்டு பேருக்கும் பிடித்த குழம்பாகத்தான் இருக்கும். சுவரையும் ஸ்டூலையும் பார்த்து, "ரெண்டும் ரெண்டு மாடு" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

தட்டில் வளர்ந்தது பூஞ்சை இல்லை. பாக்டீரியாதான் என்றார் டாக்டரம்மா. அதற்குச் சரியான மருந்து இருக்கிறது. புண் ஆறத் தொடங்கியது. ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு நிற்கும், ஆனால் கருவிழியின் ஓரத்தில், கண்மணிக்கு நேர் நடுவில் இல்லை. "நடுவுல இருந்திருந்தா இந்நேரம் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்" என்றார். அத்தான் வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தார்.

"கண்ணுல தூசியா?" என்றேன்.

"சும்மா கெடலே."

வீட்டுக்கு வந்தபிறகும் மருந்து நிற்கவில்லை. புண் நன்றாக மூடினபிறகு டாக்டரம்மாவே பார்த்து, ஸ்டீராய்டைக் கொஞ்சமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறைத்தார். இதை நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடரவும் கூடாது, கண் அழுத்தம் ஏறிவிடும். சொன்ன தேதியில் போய்க் காட்டவேண்டும். மூடியைத் திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலைத் தூக்கி எறியவேண்டும், மிச்சம் இருந்தாலும். நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான். உங்கள் வேலையில் கண்ணுக்கு என்ன ஊற்றிப் பழக்கமோ, அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே, கூட வேலை பார்க்கிறவனிடமும் சொல்லி மறக்கவையுங்கள். நீங்கள் மறந்தாலும் கை மறக்காது.

இரண்டாவது வெட்டுக்கு முந்தின வாரம் ஒரு சோதனை. கீழ் வரி எழுத்து வரைக்கும் படித்தேன்.

"மரம் ஏறலாமா?" என்று அத்தான் கேட்டார். நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"ஏறலாம். கண்ணாடி போட்டுக்கிட்டு."

"எந்தக் கண்ணாடிம்மா?"

"பவர் இல்லாதது. சுத்தி அடைச்சு, பட்டை வச்சுத் தலையில மாட்டுறது. பட்டறையில போடுவாங்கல்ல."

கண்ணாடியைக் கழற்றுவதற்காக ஆபரேஷன் செய்து, கண்ணை அவித்து, மீட்டு, கடைசியில் மறுபடி கண்ணாடி. அத்தான் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த வாட்ச்மேன் கதவைத் திறந்து பார்த்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும்தான். உங்க கண்ணு மட்டும் என்ன கல்லா?"

வெட்டு அன்று தோப்பில் சுந்தரபாண்டியத்துப் பயல் காலில் தளைக்கயிற்றை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். முன்வெட்டில் பாதித் தோப்பை முடித்தவன், மரம் கேட்க உரிமை இருக்கிறது. அத்தான் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ வடக்கால இருக்கத எடுத்துக்க. மூணு பேருக்கும் மரம் இருக்கு" என்றார். என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி எறிந்தார். உள்ளே கண்ணாடி. இன்னொன்றை அவர் தலையில் மாட்டிக்கொண்டார். வெல்டிங் பட்டறைக்கு வழி தப்பினவர் மாதிரி இருந்தார்.

ஏறினேன். மூன்று மாதமாக ஏறாததால் பாதி மரத்தில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினேன். உச்சியில் மட்டையைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தேன். மேற்கே மலை, அதன் ஒவ்வொரு பாறையும். பக்கத்து மரத்தில் அத்தான். இடுப்பில் அரிவாளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டியிருந்தது. உள்ளே மூடி பிரிக்காத புதுக் கண்ணீர் பாட்டில். அந்தத் தூரத்திலிருந்து அதன் மூடி நீலம் என்பதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது.

"ஏலே, என்ன முழிக்க? முத்துன குலை தெரியுதா இல்லையா?"

"தெரியுது அத்தான். பக்கத்து மரத்துல கண்ணாடி போட்ட கொரங்கும் தெரியுது."

கையெட்டும் தூரத்திலிருந்த ஒரு பிஞ்சுக் குரும்பையைப் பிய்த்து என்னைப் பார்த்து எறிந்தார். குறி தப்பாத ஆள். இடது கண்ணுக்கு நேராக வந்து, கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.